மருந்துச் சொல் விளக்கம்: ‘குளோமிஃபீன்’

இம்மாதம் நாம் விளக்க எடுத்துக்கொண்ட சொல் ‘குளோமிஃபீன்’ என்பதாகும். திருமணமாகி ஆண்டுகள் சில கடந்தும் குழந்தைப்பேறு வாய்க்காத தம்பதியர் மருத்துவரை நாடும்பொழுது, மனைவிக்குத் தரப்படும் மருந்து உறையின்மீது இப்பெயர் எழுதப்பட்டிருப்பதுண்டு. பேச்சு வழக்கில் இதனைப் ‘பிள்ளை மாத்திரை’ என்பாரும் உளர். அப்பெயர் இம்மருந்துக்குப் பொருந்தாது. பொருந்தாத பெயரை நம்பி, அடுத்த வீட்டு அக்காள் உண்டு மீந்த மாத்திரையைத் தாமும் வாங்கி உண்பதால் விளையும் தீங்கு சிறிதன்று.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். இம்மருந்து 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பெற்றது. 1961-இல் கிரீன்பிளாட் என்னும் மருத்துவர், இதனை உண்ட பெண்களுக்குச் சினைமுட்டை வெளிவந்ததை அறிவித்தார். 1967-இல் அந்நாட்டு அரசு இதன் விற்பனைக்கு அனுமதி வழங்கியது. தொடக்கத்தில் இதனைக் ‘குளோராமிஃபீன்’ என்றே எழுதினர். குளோரின், அமீன், பினைல் என்னும் மூன்று வேதியியற் சொற்களின் துண்டுகள் அதனுள் அடங்கியுள்ளன. அதுவே சுருங்கிக் குளோமிஃபீன் ஆயிற்று. ஆகவே, இப்பெயரில் பிள்ளை என்ற பொருளும் இல்லை, வரம் என்ற பொருளும் இல்லை. உறையில் பின்னொட்டாக வரும் ‘சிட்ரேட்’ என்பது அதன் உப்பு வடிவத்தைக் குறிக்கும். ‘குளோமிட்’ என்பது வணிகப் பெயர், மருந்து ஒன்றே.

இனி, அது செய்யும் வேலை யாது? பெண்ணின் சூலகத்தில் சினைமுட்டை முதிரும்பொழுது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அது போதிய அளவு இரத்தத்தில் இருப்பதை மூளை உணர்ந்தால், சூலகத்தைத் தூண்டும் பணியைத் தளர்த்திக்கொள்ளும். குளோமிஃபீன் அவ்வுணர்வை மறைத்துவிடுகிறது. ஸ்டோரில் பால் நிறுக்கும் தராசை யாரோ துணியால் மூடிவிட்டார்கள் என்று கொள்வோம். எடை தெரியாத மண்டோர், இன்றைக்குப் பால் குறைவு போலும் என்று எண்ணி ஆட்களை விரட்டுவார் அல்லவா? அதுபோலவே மூளையும் பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியாகச் சூலகத்தை மேலும் தூண்டுகிறது. சினைமுட்டை முதிர்ந்து வெளிவருகிறது.

எனவே ‘சினைமுட்டை வெளிவரத் தூண்டும் மருந்து’ என்பதே இதற்குரிய சரியான விளக்கம். மாதவிலக்கு ஒழுங்கின்றி வந்து, சினைமுட்டை வெளிவராத பெண்ணுக்கே இது பெரிதும் பயன்படும். கருக்குழாய் அடைபட்டிருந்தால் இது திறக்காது. கணவரின் விந்தணு குறைந்திருந்தால், மனைவி உண்ணும் இம்மாத்திரை அதனைப் பெருக்காது. கணவரைச் சோதிக்காமலே மனைவிக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும், பயனில்லையென்றதும் மருமகளை ‘மலடி’ என்று மாமியார் தூற்றுவதும் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. விந்துப் பரிசோதனை எளியது; வலியற்றது. ஆடவர் இதற்கு நாணுவதில் பொருளில்லை.

உரியவருக்குக் கொடுத்தாலும் பத்தில் ஏழெட்டுப் பேருக்கே சினைமுட்டை வெளிவரும். கருத்தரிப்போர் அதனினும் குறைவு. உதிரம் காணும் முதல் நாளையே ஒன்றாம் நாள் என எண்ண வேண்டும். வழக்கமாக 2-ஆம் நாளுக்கும் 5-ஆம் நாளுக்கும் இடையே தொடங்கி, 50 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 5 நாள் உண்பர். அளவைக் கூட்டுவது மருத்துவர் பொறுப்பு. இரண்டு உண்டால் இரட்டிப்புப் பலன் என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலும் ஆறு மாதச் சுற்றுகளுக்கு மேல் இதனைத் தொடர்வதில்லை. கருவுற்ற நூறு பேரில் ஏறக்குறைய 5 முதல் 10 பேருக்கு இரட்டைக் குழந்தைகள் உண்டாகலாம். பார்வை மங்கினாலோ, கண்முன் ஒளி மின்னினாலோ, அடிவயிறு வீங்கி வலித்தாலோ மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைக் காண வேண்டும். கருவுற்றிருப்போரும் கல்லீரல் நோயுள்ளோரும் இதனை உண்ணலாகாது.

பெயர் ஒலியிலும் ஓர் ஆபத்து உண்டு. ‘குளோமிப்ரமின்’ என்பது மனச்சோர்வுக்குத் தரப்படும் வேறொரு மருந்து. முன்பாதி ஒன்றாக இருப்பதால் இவ்விரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடும் வாய்ப்பு இருப்பதை மருந்தாளுநர்களே எச்சரித்துள்ளனர். மருந்தை வாங்கும்பொழுதே ‘இது எதற்காக?’ என்று கேட்டுக்கொள்வது நன்று.

இன்னொரு பெயரையும் இங்கே கூற வேண்டும். சூலக நீர்க்கட்டி நிலை உள்ள பெண்களுக்குக் குளோமிஃபீனைவிட ‘லெட்ரோசோல்’ ஏற்றது என்று 2018-இல் வெளியான அனைத்துலக வழிகாட்டி பரிந்துரைத்தது. அம்மருந்தின் உறைக்குள் இருக்கும் தாளில் ‘மார்பகப் புற்றுநோய்க்கு’ என்று அச்சிட்டிருக்கும். அதைக் கண்டு, தமக்குப் புற்றுநோய் என்பதை மறைத்துவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதன் முதற்பயன் அது. சினைமுட்டையைத் தூண்டுவதற்கும் அது உதவுகிறது.

நம் நாட்டில் 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கெனத் தொடங்கப்பெற்ற வாரியமே, எல்.பி.பி.கே.என். என்னும் பெயரில் இன்று குழந்தைப்பேறற்ற தம்பதியருக்கும் ஆலோசனை வழங்கி வருகிறது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காதவர்கள், மனைவிக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவருமாகச் செல்லலாம். கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளைக் குறித்து எடுத்துச் செல்க.

சந்தையில் ‘கருத்தரிப்பு மருந்து’ என்று விற்கப்படும் புட்டிகளை வாங்குவோர் ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண்ணின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். ‘டி’ எழுத்து பாரம்பரிய மருந்தையும், ‘ஏ’ எழுத்து கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்தையும் குறிக்கும். பதிவெண்ணே இல்லாத புட்டியைக் கடைக்காரரிடமே விட்டு வருக.