பாடுவது அவன்தான்

கேள்வி: 2007-இல் அணிலைப் புதுச்சேரியின் மாநில விலங்காகவும், குயிலை மாநிலப் பறவையாகவும் அறிவித்தார்களே, இரண்டும் எந்த இனம்? அழிந்துகொண்டு வருகின்றனவா?
- ஒரு வாசகி, சாரம்

பதில்: இல்லை அம்மா. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இரண்டுமே கவலை குறைந்த இனங்கள். அணில், எலிக்கு உறவு. கொறிக்கும் விலங்குகளின் வரிசையில் அணில் குடும்பம். முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் வீட்டுக் கொய்யா தப்பாது. அறிவியல் பெயரில் முதல் சொல்லான ‘ஃபுனாம்புலஸ்’ என்பதற்கு லத்தீனில் கயிற்றின்மேல் நடப்பவர் என்று பொருள். கேபிள் வயரில் அது ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ராமர் மூன்று விரலால் தடவிய கதை நம் ஊருக்குச் சரி. வடக்கே ஐந்து வரி அணில் இருக்கிறது, அது தனி இனம்.

குயில் கறுப்பாக இருந்தாலும் காக்கைக்குச் சொந்தமில்லை. குடும்பம் மட்டுமல்ல, வரிசையே வேறு. காக்கைக் கூட்டில் முட்டையிடுவதோடு சரி. குயில் முட்டை காக்கை முட்டையை முந்திக்கொண்டு பொரிந்துவிடும்.

இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காத ஒன்று: ‘கூ... கூ’ என்று ஏறிக்கொண்டே போகும் அந்தப் பாட்டு ஆண் குயிலுடையது. கரிய உடல், சிவந்த கண். பெட்டை பழுப்பு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. ‘கெக் கெக்’ என்று கத்தும். அதை வேறு பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது எழுதிய ‘குயில் பாட்டு’ நாயகி பெண் குயில். கவிதையில் அது அழகு. பள்ளிக்கூடத்தில் ‘குயிலி பாடுகிறாள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போதுதான் மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: எங்கள் மாடியில் மடித்து வைத்த தென்னங்கீற்றுப் பந்தலில் அணில் பஞ்சும் நாரும் சேர்க்கிறது. கலைத்துவிடலாமா?
- அதே வாசகி

பதில்: கூடாது. அது பிள்ளை பெறும் இடம். குட்டிகள் முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும், தாயில்லாமல் பிழைக்காது. குட்டிகள் வெளியே ஓடித் திரியும்வரை பந்தலைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தாகமெடுத்தால் குயிலும் வரும்.