பந்து விளையாடினால் சம்பளம் யார் தருவாங்க?



இந்த மாதப் பாடத்துக்காக நாம் ஐரோப்பா வரை போய் வரப் போகிறோம். அங்கே பெண்களுக்காகவே ஒரு கூடைப்பந்துப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. 'யூரோலீக் விமன்' என்று பெயர். பல நாட்டு கிளப் அணிகள் அதில் மோதும். இதில் ஆடும் பெண்களில் பெரும்பாலானோருக்கு விளையாட்டுதான் வேலை. ஒப்பந்தம் போட்டு, கையெழுத்து வைத்து, சம்பளம் வாங்குகிறார்கள். "பந்து விளையாடுறதுக்கு யாரு சம்பளம் கொடுப்பாங்க?" என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்விதான் இன்றைய பாடம்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு நேரத்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. பந்து விழ வேண்டிய வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம், அதாவது பத்து அடி. பெண்கள் ஆடும் பந்து ஆண்களுடையதைவிடக் கொஞ்சம் சிறியது. மற்றபடி விதிகள் ஒன்றுதான்.

இந்தப் போட்டி 1958இல் தொடங்கியது. அப்போது ஐரோப்பிய சாம்பியன் கோப்பை என்று பெயர். 1996இல்தான் யூரோலீக் ஆனது. இதை அதிக முறை வென்ற அணி எது தெரியுமா? லாட்வியா நாட்டின் தலைநகரமான ரீகாவின் டி.டி.டி. அணி. மொத்தம் 18 முறை. அதிலும் 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு ஆண்டு தொடர்ச்சியாக! டி.டி.டி. என்றால் என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். டிராம், டிராலிபஸ் நிர்வாகம் என்பதன் சுருக்கம் அது. ஊருக்குள் டிராம் வண்டி ஓட்டுகிற துறையின் பெயரில் அமைந்த அணிதான் ஐரோப்பாவையே ஜெயித்தது.

லாட்வியா அப்போது சோவியத் யூனியனில் இருந்தது. விளையாட்டுக்கு அரசு செலவு செய்தது. அந்த அணியில் உல்யானா செம்யோனோவா என்று ஒரு வீராங்கனை. ஏழடிக்குப் பக்கத்தில் உயரம். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1976இல் சேர்க்கப்பட்டபோது தங்கம் வாங்கிய சோவியத் அணியில் அவர் இருந்தார். 1980இலும் தங்கம். ஆனாலும் 1980களின் கடைசியில்தான் அவர் வெளிநாட்டு கிளப்பில் போய் ஆட முடிந்தது. திறமை அவருடையது, எங்கே ஆடுவது என்ற முடிவு அவர் கையில் இல்லை.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. பிறகு ரஷ்யாவில் பெரும் பணக்காரர்களும் பெரிய கம்பெனிகளும் அணிகளுக்குப் பணம் போட வந்தார்கள். மாஸ்கோ பக்கத்து ஸ்பார்ட்டக் அணியை ஷப்தாய் கல்மனோவிச் என்ற தொழிலதிபர் நடத்தினார். அமெரிக்காவின் தலைசிறந்த வீராங்கனைகளான டயானா டோராசியையும் சூ பேர்டையும் பெரிய சம்பளத்துக்கு அழைத்து வந்தார். அந்த அணி 2007 முதல் 2010 வரை நான்கு முறை தொடர்ந்து கோப்பையை வென்றது. ஆனால் நான்காவது கோப்பையைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2009 நவம்பரில் மாஸ்கோ தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த நான்காவது கோப்பைக்குப் பின் அந்த அணி இதை மறுபடி வெல்லவே இல்லை. ஒரே ஒருவர் பையிலிருந்து வரும் பணத்தில் ஓடும் வண்டி, அவர் போனதும் எத்தனை நாள் ஓடும்?

அமெரிக்கப் பெண்கள் சொந்த நாட்டை விட்டு ஏன் வந்தார்கள்? அங்கும் பெண்களுக்கு லீக் உண்டு. அது கோடைக்காலத்தில் நடக்கும், ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நடக்கும். அமெரிக்காவில் சம்பளம் குறைவு என்பதால் அங்கே முடித்த கையோடு இங்கே வந்துவிடுவார்கள். வருடம் முழுக்க ஆட்டம். 2015இல் நடந்ததைக் கேளுங்கள். டோராசிக்கு அமெரிக்காவில் ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலர் அளவில். ரஷ்யாவின் எகாடெரின்பர்க் நகரத்தில் யூ.எம்.எம்.சி. என்ற தாமிரச் சுரங்கக் கம்பெனியின் அணி கொடுத்ததோ சுமார் பதினைந்து லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல்! ஏறக்குறைய பதினான்கு மடங்கு. "இந்தக் கோடையில் அமெரிக்காவில் ஆடாதீங்க, ஓய்வெடுங்க, அதற்கும் சேர்த்து நாங்களே தருகிறோம்" என்பதுதான் அந்தக் கம்பெனியின் ஏற்பாடு. டோராசியும் அந்த ஆண்டு அமெரிக்க லீக்கில் ஆடவில்லை.

ஓய்வில்லாவிட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். 2019 ஏப்ரலில் ஹங்கேரியின் சோப்ரோன் ஊரில் இறுதிப்போட்டி. ரஷ்யாவின் குர்ஸ்க் அணிக்காக ஆடிய அமெரிக்காவின் பிரியானா ஸ்டூவர்ட்டுக்குக் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. அந்த வருட அமெரிக்க லீக் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. அன்று வென்றது யூ.எம்.எம்.சி. அந்த அணி மொத்தம் ஆறு முறை சாம்பியன்.

அடுத்து 2022. யூ.எம்.எம்.சி.க்கு ஆடப் போன பிரிட்னி கிரைனரை பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில் பிடித்தார்கள். பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்தன என்று வழக்கு. ஒன்பது ஆண்டு சிறை என்று தீர்ப்பு. டிசம்பர் 8 அன்று, அமெரிக்கச் சிறையில் இருந்த ரஷ்ய ஆயுத வியாபாரி ஒருவருக்குப் பதிலாக அவரை விடுவித்தார்கள். தப்புக்குத் தண்டனை என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அந்தத் தண்டனை அளவுக்கு மிஞ்சியதாகத்தான் படுகிறது. உலகத்தில் இத்தனை பெயர் வாங்கிய பெண் குளிர்காலத்தில் இன்னொரு வேலை தேடி இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அவர் கைதான ஒரு வாரத்தில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மார்ச் மாதம் ரஷ்ய அணிகளை சர்வதேச கூடைப்பந்து அமைப்பு போட்டிகளிலிருந்து விலக்கியது. வெளிநாட்டு வீராங்கனைகள் மூட்டை கட்டிவிட்டார்கள். அதிகச் சம்பளம் கொடுத்து வந்த முதலாளிகள் ஒரே மாதத்தில் இல்லாமல் போனார்கள்.

போட்டி நின்றுபோனதா? இல்லை. ஏப்ரலில் இஸ்தான்புல்லில் இறுதி ஆட்டம் நடந்தது. துருக்கியின் பெனர்பாச்சே அணியை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தது அந்த சோப்ரோன் அணிதான். சோப்ரோன் சுமார் அறுபதாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். அந்த அணியின் பெயரோடு வெவ்வேறு காலத்தில் ரயில் கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனி என்று விளம்பரம் கொடுத்தவர்களின் பெயர் ஒட்டியிருக்கும். ஐரோப்பாவில் இது சகஜம். பணம் கொடுப்பவர் பெயரும் அணியின் பெயரோடு சேரும். ஸ்பெயின் அணி ஒன்றின் பெயர் 'பெர்பியூமரியாஸ் அவெனிடா', அதாவது சென்ட், வாசனைப் பொருள் விற்கும் கடைகளின் பெயர்! 2025இல் வென்ற பிராக் அணி பல்கலைக்கழக விளையாட்டுக் கழகமாகத் தொடங்கியது. காற்றோட்டக் கருவி செய்யும் ஒரு கம்பெனியின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

2023, 2024 இரண்டு ஆண்டும் வென்றது பெனர்பாச்சே. 1907இல் தொடங்கிய கிளப் அது. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்படிச் சொன்னால் நம் உறுப்பினர்களுக்குச் சட்டென்று புரியும். ரஷ்யாவை விட்டு வந்த ஸ்டூவர்ட் இங்கே வந்து சேர்ந்து 2023 கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

அதே ஸ்டூவர்ட் இன்னொரு வேலையும் செய்தார். நபீசா காலியர் என்ற வீராங்கனையோடு சேர்ந்து, குளிர்காலத்தில் அமெரிக்காவிலேயே ஆட 'அன்ரைவல்டு' என்று புது லீக் தொடங்கினார். 2025 ஜனவரியில் மியாமியில் ஆட்டம் ஆரம்பமானது. அதில் ஆடிய பெண்களுக்குச் சம்பளத்தோடு லீக்கிலேயே பங்கும் கொடுத்தார்கள். பெரிய வீராங்கனைகள் இப்படிச் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டால் ஐரோப்பிய கிளப்புகள் என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி. அது அவர்கள் கவலை.

குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டிய பிறகு இவற்றைப் பேசிப் பாருங்கள். 2015இல் டோராசி எடுத்த முடிவு சரியா, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சுரங்கக் கம்பெனி கொடுக்கும் பெரிய சம்பளம், சந்தா கட்டும் உறுப்பினர்கள் நடத்தும் கிளப், ஆடுபவர்களுக்கே பங்கு தரும் லீக் - இந்த மூன்றில் உங்கள் மகளை எதில் சேர்ப்பீர்கள்? ஏன்? பேசியதை எழுதி அடுத்த மாதம் களப் பணியாளரிடம் கொடுத்து அனுப்புங்கள்.