வயலில்லாதவரின் பொங்கல்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்து அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. 'ஹள்ளி' என்பது கன்னடத்தில் கிராமத்தைக் குறிக்கும் சொல். பெயரில் கிராமம் எஞ்சியிருக்கிறது, வயல்கள் எஞ்சவில்லை. 1809-இல் ஆங்கிலேயர் இந்நகரில் கண்டோன்மென்ட் என்னும் படைக்குடியிருப்பை அமைக்கத் தொடங்கிய பின், அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களாகவும் தொழிலாளர்களாகவும் வணிகர்களாகவும் தமிழர் பலர் வந்து அதைச் சுற்றிக் குடியேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்களும், பின்னாளில் வேலை தேடி வந்தவர்களும் இன்று கன்னடர், தெலுங்கர் முதலிய மக்களோடு சுவரோடு சுவராக வாழ்ந்து வருகின்றனர்.

தை முதல் நாள் வரும்போது இத்தகைய நகர்ப்புறக் குடும்பங்களில் மூவகை மனநிலைகளைக் காணலாம். சிலர் பல நாட்களுக்கு முன்பே பயணச்சீட்டுக்கு முயன்று சேலத்துக்கோ, வேலூருக்கோ, திருவண்ணாமலைக்கோ புறப்பட்டுவிடுகின்றனர். செல்ல இயலாதவர்களுக்கு ஊரைப் பற்றிய ஏக்கம் மிஞ்சுகிறது. சிலர் வாசலில் கோலமிட்டு, குக்கரின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, எரிவாயு அடுப்பில் பால் பொங்குவதைக் கண்டு, கடமை முடிந்தது என்று அமைகின்றனர். வேறு சிலருக்கு அது ஓய்வு நாள், தொலைக்காட்சியில் கழிகிறது. கர்நாடகத்தில் மகர சங்கராந்திக்கு அரசு விடுமுறை ஒரு நாள்தான். மறுநாள் மாட்டுப் பொங்கல் என்பது நாட்காட்டியில் இருக்கும். அலுவலகப் பேருந்தும் வாசலில் நிற்கும்.

இம்மூவரின் உள்ளத்திலும் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. பொங்கல் உழவரின் நன்றி விழா. விதைக்காதவன், அறுக்காதவன், மாடு கட்டாதவன் எதற்காக, யாருக்கு நன்றி சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், ஏக்கமும் சடங்கும் ஓய்வும் எஞ்சும். விழாவின் உயிர் எஞ்சாது.

அறிதலே முதற்படி

நன்றியுணர்வுக்கு வடமொழியில் வழங்கும் சொல் 'கிருதஜ்ஞதை'. 'கிருதம்' என்றால் செய்யப்பட்டது. 'ஜ்ஞ' என்றால் அறிபவன். தனக்குச் செய்யப்பட்டதை அறிந்திருப்பவனே கிருதஜ்ஞன். திருவள்ளுவர் இப்பொருளுக்காக வகுத்த பதினோராம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே 'நன்றி' என்பது வாயால் சொல்லும் உபசார வார்த்தையைக் குறிக்கவில்லை. பிறர் செய்த நன்மையையே குறிக்கிறது. அந்த நன்மையை அறிவதே அறம். இரு மொழிகளும் ஒரே இடத்தில் கை வைத்திருப்பது கருதத்தக்கது: நன்றியின் அடிப்படை அறிவு.

இதன் எதிர்ச்சொல்லிலும் இவ்வொற்றுமை தொடர்கிறது. நன்றி மறந்தவனை வடமொழி 'கிருதக்னன்' என்கிறது. செய்யப்பட்டதைக் கொன்றவன் என்பது அதன் பொருள். தமிழும் 'நன்றி கொன்றவன்' என்றே கூறுகிறது. பெற்ற நன்மையை அறியாமல் இருப்பது வெறும் மறதி என்று நம் முன்னோர் கருதவில்லை. உயிருள்ள ஒன்றைக் கொல்வதற்கு நிகராகக் கருதினர்.

ஆதலால், ஜீவனஹள்ளியில் அடுப்பின் முன் நிற்கும் இல்லத்தரசி கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'என் வயல் எங்கே?' என்பதன்று. 'இந்தப் பானைக்குள் யார் யார் இருக்கிறார்கள்?' என்பதே.

பானைக்குள் இருப்பவர்கள்

முதலில் நீர். பெங்களூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நகரம். அதன் அருகில் பேராறு எதுவும் ஓடவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீர், மூன்று கட்டங்களாக, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு இரவும் பகலும் ஏற்றப்படுகிறது. இத்திட்டத்தின் முதற்கட்டம் 1974-இல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே 2024-இன் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, நகரின் பல பகுதிகளில் மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்து நின்றனர். குழாயில் நீர் வரும்போது எவரும் குழாயை நினைப்பதில்லை. வராத நாளில்தான் அது ஒரு கொடை என்பது புரிகிறது.

அடுத்து வெல்லம். இந்நகரத்துக் கடைகளுக்கு வரும் வெல்லத்தில் மண்டியா வெல்லம் பெயர் பெற்றது. மண்டியாவின் கரும்பும் கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீரால், அதாவது காவிரியால் வளர்வதே. எங்கோ ஒரு வயலில் குனிந்து நாற்று நட்ட பெண்களின் முதுகுவலி அரிசியில் இருக்கிறது. கன்றுக்குரிய பங்கிலிருந்து பெற்றது பால். இவற்றைச் சுமந்து வந்த ஓட்டுநர் இருக்கிறார். விழா முடிந்த மறுநாள் காலை, கரும்புச் சக்கைகளையும் வாழை இலைகளையும் வாரிச் செல்லும் துப்புரவுத் தொழிலாளி இருக்கிறார்.

சொந்த வயல் உள்ளவன் தன் உழைப்பையும் ஒரு பங்காகக் கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம். வயலே இல்லாதவனின் பானையிலோ முழுவதும் பிறர் தந்தது. எனவே, வயலில்லாதவனுக்குப் பொங்கலில் உரிமை குறைவு என்பது தவறு. நன்றிக் கடன் அவனுக்கே அதிகம்.

'விலை கொடுத்துவிட்டேனே!'

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'அரிசிக்கும் பாலுக்கும் தண்ணீருக்கும் பணம் கட்டியாயிற்று. இதில் கடன் என்ன இருக்கிறது?'

விலை என்பது இருவருக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கலை முடித்து வைக்கிறது. ஆனால் சூரியனுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. மழைக்கு ரசீது கிடையாது. பஞ்ச காலத்தில் கை நிறையப் பணம் இருந்தும் கடையில் அரிசி இல்லாமற்போகும்; பணம் உணவை விளைவிப்பதில்லை என்பது அப்போது விளங்கும். விலைக்குள் அடங்குவது பொருளின் ஒரு சிறு பகுதியே.

தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் பலவற்றில் கொண்டாடப்படும் அறுப்பின் பண்டிகை இதை அழகாக உணர்த்துகிறது. மக்கள் காய்கனிகளையும் தானியங்களையும் கொண்டு வந்து ஆலயத்தில் படைப்பர். பின்னர் அவை ஏலம் விடப்படும். ஒரு பூசணிக்காய்க்குக் கடைவிலையைப் போல் பல மடங்கு கொடுத்து ஒருவர் மகிழ்ச்சியுடன் வாங்கிச் செல்வார். காய் மாறவில்லை, அது காணிக்கை என்ற அறிவு சேர்ந்தது. நம் கோயில்களில் சாதாரண அன்னம் பிரசாதமாவதும் இவ்வாறே.

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் இவ்வுண்மையை ஒரு சக்கரமாகக் காட்டுகிறது. உயிர்கள் உணவால் உண்டாகின்றன; உணவு மழையால்; மழை வேள்வியால்; வேள்வி செயலால். இந்தச் சக்கரத்திலிருந்து பெற்றுக்கொண்டு திருப்பி எதையும் தராமல் உண்பவனை ஸ்ரீகிருஷ்ணர் கள்வன் என்றே அழைக்கிறார். கடுமையான சொல்தான். ஆயினும் 'விலை கொடுத்தேன்' என்ற சமாதானத்தை உடைக்க இத்தகைய சொல் தேவைப்படுகிறது.

இறைவனுக்கு நன்றி தேவையா?

'சூரியனுக்கும் இறைவனுக்கும் நம் நன்றியால் என்ன ஆகப்போகிறது?' என்பது அடுத்த ஐயம். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நன்றி சொல்பவனின் அகந்தை சற்றே தளர்கிறது, பயன் அவனுக்கே.

பெங்களூரின் கவிபுரத்தில் கவி கங்காதரேசுவரர் குகைக்கோயில் உள்ளது. ஆண்டுதோறும் மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்து சிவலிங்கத்தின் மீது படிகிறது. அதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. காலையில் எந்தச் சூரியனை மக்கள் வணங்கினார்களோ, அந்தச் சூரியனே மாலையில் தன் மூலத்தை வணங்கி நிற்பதாகப் பக்தர்கள் காண்கின்றனர். பெரியோருக்கும் நன்றி உண்டு என்பதே இதன் பாடம்.

ஆனால் இறைவனுக்கு நன்றி சொல்வதில் ஓர் அபாயமும் உண்டு. அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள் இதற்கு எடுத்துக்காட்டு. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அங்கே குடும்பங்கள் கூடி விருந்துண்டு கடவுளுக்கு நன்றி கூறுகின்றன. அங்கு வாழும் தமிழர்களும் அதில் கலந்துகொள்கின்றனர். 1621-இல் பிளிமத் என்னும் இடத்தில் நடந்த அறுவடை விருந்தோடு இந்நாள் தொடர்புபடுத்தப்படுகிறது. இங்கிலாந்திலிருந்து வந்து பசியால் வாடிய குடியேறிகளுக்குச் சோளம் பயிரிடக் கற்றுக் கொடுத்தவர் அம்மண்ணின் மைந்தரான திஸ்குவாண்டம். விருந்தில் ஏறத்தாழ 50 குடியேறிகளும், வாம்பனோக் இனத்தவர் ஏறத்தாழ 90 பேரும் கூடினர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழியுமுன், அந்த வாம்பனோக் தலைவரின் மகன் மெட்டாகோம், குடியேறிகளுடன் நடந்த போரில் 1676-இல் கொல்லப்பட்டார். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதற்குமான நன்றி நாளை அறிவித்தார். 1970 முதல் அப்பழங்குடியினர் அதே நாளைப் பிளிமத்தில் துக்க நாளாக அனுசரித்து வருகின்றனர்.

கொடுத்த இறைவனை நினைத்தார்கள். அவன் எந்தக் கைகளின் வழியாகக் கொடுத்தானோ அந்தக் கைகளை மறந்தார்கள். இத்தவறு ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சூரியனுக்குப் படையலிட்டுவிட்டு, வாசலில் குப்பை வாரும் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசாதவனும் அதே தவற்றைச் செய்கிறான்.

உரிமையும் நன்றியும்

காவிரியைப் பற்றிப் பேசும்போது ஒரு வேதனையையும் மறைக்க இயலாது. 1991 டிசம்பரிலும், 2016 செப்டம்பரிலும் இந்நதியின் பெயரால் பெங்களூரில் வன்முறை நிகழ்ந்தது. பங்கீடு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. உரிமையைக் கேட்பது தவறன்று. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆயினும் உரிமையை மட்டுமே அறிந்த உள்ளத்தில் அச்சமும் சினமும் எளிதில் குடியேறுகின்றன. எந்த நதிக்காக இருபுறமும் கொதிக்கிறதோ, அந்த நதியே இருபுறத்துப் பானைகளிலும் பொங்குகிறது என்பதை அறிந்தவன், அண்டை வீட்டானைப் பகைவனாகக் காண்பது கடினம்.

ஜீவனஹள்ளியிலிருந்து சற்றுத் தொலைவில், அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 1991-இல் நிறுவப்பட்ட அச்சிலை பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டே இருந்தது. செய்ந்நன்றியைப் பாடியவர் முகம் மறைந்து நின்றார். 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்துக் கன்னடத்தின் ஞானகவி சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. ஒவ்வொருவரும் மற்றவரின் பெரியோருக்குத் தம் மண்ணில் இடமளித்தனர்.

ஐந்து வேள்விகள்

இல்லறத்தானுக்குச் சாஸ்திரங்கள் விதித்த ஐந்து வேள்விகளும் பொங்கல் நாட்களில் அடங்கியுள்ளன. சூரிய வழிபாடு தேவ யக்ஞம். பல வீடுகளில் முன்னோருக்கு இடும் படையல் பித்ரு யக்ஞம். மாட்டுப் பொங்கல் பூத யக்ஞம். காணும் பொங்கலன்று பெரியோரையும் உற்றாரையும் கண்டு மகிழ்வது மனுஷ்ய யக்ஞம். தை இரண்டாம் நாளைத் தமிழகம் திருவள்ளுவர் நாளாகக் கொண்டாடுகிறது; அன்று அவர் நூலை ஓதுவது ரிஷிகளுக்குரிய பிரம்ம யக்ஞம்.

விடுமுறை இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. இவற்றுள் எதற்கும் முழு நாள் தேவைப்படாது. நகரவாசி பின்வருவனவற்றைப் பழகலாம்:

1. பானையை அடுப்பில் ஏற்றுமுன் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து, நீர், அரிசி, வெல்லம், பால் ஒவ்வொன்றும் யார் வழியே வந்தது என்று குழந்தைகளைச் சொல்லச் செய்யலாம். அதுவே அன்றைய முதல் பூஜை.

2. பொங்கிய அன்னத்தின் முதற்பங்கு வீட்டுக்கு வெளியே செல்லட்டும். சங்கராந்தியன்று கன்னட வீட்டுப் பெண்கள் எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த 'எள்ளு பெல்ல'வைத் தட்டில் ஏந்தி அண்டை வீடுகளுக்குச் செல்வர். உண்டு இனிய சொல் பேசுக என்பது அவர்கள் வாழ்த்து. அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பாமல் சர்க்கரைப் பொங்கலுடன் திரும்பட்டும்.

3. மறுநாள் காலை துப்புரவுத் தொழிலாளியின் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி அழைத்து, மரியாதையுடன் பங்கு அளிக்கலாம். கொடுப்பவனே பெறுபவனுக்கு நன்றியுடையவனாக இருக்க வேண்டும் என்பது சுவாமி விவேகானந்தர் தம் கர்ம யோகச் சொற்பொழிவுகளில் வலியுறுத்திய கருத்து. கொடுக்கும் வாய்ப்பைத் தந்தவர் அவரல்லவா!

4. அன்றிலிருந்து ஆண்டு முழுவதும், குழாயைத் திறக்கும்போது ஒரு கணம் காவிரியை நினைத்து, தேவைக்கு மேல் வழியவிடாமல் மூடலாம். திறந்து விட்ட குழாயின் அருகில் சொல்லப்படும் நன்றி பொய்யாகிவிடும்.

இவ்வாறு பழகியவனுக்கு ஊர் தொலைவில் இல்லை. சேலத்துக்குப் பயணச்சீட்டுக் கிடைக்காத குடும்பமும், மாடியின் சிறு அடுப்பில் பால் பொங்கி வழியும்போது, காணாத எத்தனையோ வயல்களின் நடுவே நிற்கிறது. வயலில்லாதவனின் பொங்கலும் அப்போது நிறைவு பெறுகிறது.