சாப்பாட்டு நேரத்தில் ஒரு செக்கிங் ஆட்டம்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். நான் செக்கிங், அவர் டைலர். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் வீடு வர ரொம்ப நேரமாகிவிடும். சேர்ந்து சாப்பிடும் நாளில் “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால், ஆறாவது படிக்கும் மகளும் மூன்றாவது படிக்கும் மகனும் “ஒண்ணுமில்லீங்மா” என்று முடித்துவிடுகிறார்கள். பையனுக்குச் செல்போன் இல்லாமல் சோறு இறங்காது. “சாப்பிடறப்ப என்ன பேச்சு?” என்று மாமியார் வேறு அதட்டுகிறார். என்ன செய்வது?
— வாசகி, குண்டடம்

பதில்: நாளெல்லாம் டீச்சருக்குப் பதில் சொல்லி வந்த பிள்ளைக்கு உங்கள் கேள்வி இன்னொரு பரீட்சை. இன்றைக்குக் கேட்காதீர்கள். நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

அப்பா அம்மாவின் சனிக்கிழமைச் சம்பளம் பிள்ளைகளுக்குத் தெரியும், வேலை தெரியாது. சாயத்துக்குப் போய் வந்த துணியைக் கட்டிங் மாஸ்டர் எப்படி அடுக்கி வெட்டுகிறார், ஓவர்லாக் மெஷின் எதற்கு, பிளாட்லாக் மெஷின் எதற்கு என்று அப்பா சொல்லட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோவும் உடன் ஆய்வாளர்களும் வருமானம் குறைந்த குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். கதையும் விளக்கமும் நிறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் பின்னாளில் சொல்வளம் கூடுதலாக இருந்தது.

அடுத்தது ஆட்டம். அன்றைக்கு நடந்ததாக ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அதில் ஒன்று ‘டேமேஜ் பீஸ்’, அதாவது புளுகு. மற்றவர்கள் செக்கிங் பார்த்துப் பிடிக்க வேண்டும். புளுகுக்குத் துணையாக இரண்டு உண்மை வேண்டுமே! கேட்காமலே பள்ளிக்கூடத்துச் சேதி வந்துவிடும். பையன் பிடித்துவிட்டால் “கெட்டிக்காரன்” என்பதோடு நிறுத்தாமல், “எப்படிடா கண்ணு கண்டுபிடிச்ச?” என்று கேளுங்கள். தான் யோசித்த விதத்தை அவன் சொல்லிப் பழகுவான். தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். “அக்காவைப் பாரு” வேண்டாம். மார்க், வீட்டுப்பாடம், “இன்னும் ரெண்டு வாய் தின்னு” மூன்றும் ஆட்ட நேரத்துக்கு வெளியே இருக்கட்டும்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. வாயில் சோற்றோடு சிரித்தால் புரையேறும். ‘விழுங்கிவிட்டுத்தான் பேச்சு’ என்பதை ஆட்டத்தின் விதியாக்கி, நடுவர் வேலையை அவரிடமே கொடுங்கள். குண்டடம் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போனது, மகன் சின்ன வயதில் செய்த சேட்டை என்று அவரிடம் சரக்கு நிறைய இருக்கும். எமோரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் 2001-இல், குடும்பக் கதைகள் பற்றிய 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. கேள்விக்கு விடை தெரிவதைவிட, அந்தக் கதைகள் வீட்டில் பேசப்படுவதுதான் முக்கியம் என்பது அவர்கள் கருத்து.

செல்போன் அலமாரிக்குப் போகட்டும், பெரியவர்களுடையது முதலில். தினமும் முடியாதே என்று வருந்த வேண்டாம். காலை இட்லி நேரமும் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறும் கணக்கில் சேரும். நீங்கள் வரத் தாமதமானால், பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஆடினாலும் ஆட்டம்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால், பள்ளிக்குப் போகப் பயந்தால், விளையாட்டால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், வகுப்பாசிரியரைப் பாருங்கள். தேவைப்பட்டால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.