திரும்பத் தெரிய வேண்டும்



சரவாக்கின் முலு தேசியப் பூங்காவில், மெலினாவ் மலையிடுக்கை ஒட்டி நிற்கிறது குனோங் ஆப்பி. அதன் சரிவில் 45 மீட்டர் வரை உயர்ந்த சுண்ணாம்புக்கல் ஊசிப்பாறைகள் இருக்கின்றன. மழைநீர் கரைத்துக் கரைத்துச் செதுக்கியவை அவை.

ஐந்தாம் முகாமிலிருந்து பாதை 2.4 கிலோமீட்டர்தான். "இவ்வளவுதானா?"ன்னு தோணும். ஆனா, அதற்குள் சுமார் 1,200 மீட்டர் உயரம் ஏறணும். கடைசிப் பகுதியில் ஏணியும் கயிறும்தான் துணை. கையுறை இல்லேன்னா பாறை கையைக் கிழிச்சிடும்.

இங்கே ஒரு கண்டிப்பு உண்டு. குறித்த நேரத்துக்குள் ஏணிகளை அடையாதவர்களை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார். "இன்னும் கொஞ்சம்தானே அண்ணே"ன்னு கெஞ்சினாலும் விடமாட்டார். ஏன்? மேலே போய்ச் சேர்வது பாதி வேலைதான். சோர்ந்த கால்களோடு இறங்க, ஏறியதைவிட அதிக நேரம்கூட ஆகலாம். மழை பெய்தால் பாறை வழுக்கும். இருட்டிவிட்டால், ஒருவருடைய பிடிவாதம் குழு முழுவதையும் ஆபத்தில் தள்ளும்.

ஆகவே, எந்த மலைக்குப் போனாலும் புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். யாராவது "முடியல"ன்னு சொன்னா கேலி செய்யாதீங்க. அதைச் சொல்லவும் தைரியம் வேணும்.

மலை எங்கேயும் போகாது. நாம் பத்திரமா வீடு திரும்பணும்.