சத்தம் அடங்கிய வால்வு: பழைய அம்பாசிடர் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

சரக்கு விலையும் வரி விவரமும் வரும் பக்கத்தில் கார் வால்வைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலர் வீட்டுக் கொட்டகையில் அப்பா காலத்து அம்பாசிடர் இன்னும் நிற்கிறது. அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இனி இருப்பதைப் பழுது பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். எது பழுது என்று தெரியாமல் பணம் கொடுத்தால் நஷ்டம் நமக்கே.

என்னிடம் இருப்பது 1984-இல் அப்பா பருப்பு மண்டிக்காக வாங்கிய பெட்ரோல் வண்டி. 1489 சி.சி., நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மேட்டில் இழுக்கத் திணறியது; நின்றபடி ஓடும்போது உதறியது. ஒரு பட்டறையில், "என்ஜினை இறக்கி, போரிங் செய்து, பிஸ்டன் மாற்ற வேண்டும். 60,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். சோதனை எதுவும் செய்யவில்லை. தராசில் வைக்காமலே மூட்டைக்கு விலை சொன்ன கதைதான். வண்டியைத் திருப்பி, வயதான வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன்.

சோதனை

அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டர்கள் 125 பவுண்டு அளவில் காட்டின. ஒன்று மட்டும் 70. அந்தத் துளையில் ஒரு கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் பார்த்தார். இங்கேதான் பாடம் இருக்கிறது. ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிவு. எனக்கு ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றியபோது ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகி, ஓரிடத்தில் அரித்துப் போயிருந்தது.

காரணம்

வால்வு ஓயாமல் வந்து உட்காரும் இடம் சீட். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட்டை ஹெட்டிலேயே கடைந்திருப்பார்கள். அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதன்மேல் மெல்லிய படிவாக நின்று காத்தது. உடல்நலத்துக்குக் கேடு என்பதால் ஈயப் பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவே. ஆனால் பாரம் ஏற்றி நெடுந்தூரம் விரட்டினால் பழைய சீட் தேய்கிறது.

சீட் தேய்ந்தால் வால்வு உள்ளே அமுங்கும். அதன் தண்டு ராக்கரை நோக்கி மேலே வரும். இடைவெளி குறையும். டாப்பெட் சத்தமும் குறையும்! இடைவெளி அறவே போனால் வால்வு முழுதாக மூடாது. சீட்டில் ஒட்டி உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்குள் இறங்கும். இறங்க வழியில்லாமல், நெருப்புக் காற்றும் சந்து வழியே பாய, விளிம்பு எரிந்துபோகும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். "டிக் டிக்" சத்தம் பிடிக்காமல், டாப்பெட்டை இறுக்கச் சொல்லி நச்சரித்தது நானே. பெரியவர் சிரித்தார்: "முதலாளி, சத்தம் வர்ற வண்டி ஓடும். சத்தமே வராத வண்டிதான் வால்வை எரிக்கும்."

பழுது பார்க்கும் முறை

1. கழற்றிய வால்வுகளை எண் போட்ட அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகக் கூடாது.

2. விளிம்பு கத்தி போல மெலிந்த வால்வைத் தள்ளிவிடுங்கள். கைடில் வால்வு ஆடினால் கைடையும் மாற்ற வேண்டும்.

3. எக்ஸாஸ்ட் பக்கம் நான்கிலும் கடினமான எஃகு சீட் வளையம் பொருத்தச் சொல்லுங்கள். இது லேத் பட்டறை வேலை. அதன்பின் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு அஞ்ச வேண்டாம்.

4. கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வால்வை இடமும் வலமுமாகத் திருப்பித் தேய்க்க வேண்டும். சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிந்தால் சரி. பேஸ்டைத் துளியும் மிச்சமின்றிக் கழுவ வேண்டும். தங்கினால் அதுவே என்ஜினை அரிக்கும்.

5. வால்வுகளை ஸ்பிரிங்கோடு பொருத்தி, பிளக்குகளையும் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்துக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் மறுபக்கம் கசியாவிட்டால் வேலை சுத்தம். இதை நேரில் நின்று பாருங்கள்.

6. ஹெட் கேஸ்கட் புதிதாகவே போட வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல தவணையில் இறுக்க வேண்டும்.

7. டாப்பெட் இடைவெளி, என்ஜின் சூடாக இருக்கையில், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. கணக்கு சுலபம்: கூட்டுத்தொகை 9. முதல் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

எனக்கு ஆன செலவு எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். வண்டி இன்றும் ஓடுகிறது, மெல்லிய டிக் டிக் சத்தத்தோடு.

"அண்ணாச்சி, போன வாரப் பருப்பில் கல் கிடந்தது" என்று சத்தம் போடும் வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைக்கு வருவார். ஒன்றும் சொல்லாமல் நின்றுபோனவரைத்தான் நாம் தேடிப் போய் விசாரிக்க வேண்டும். வால்வும் அப்படித்தான். சத்தம் அடங்கினால் மகிழாதீர்கள். கேஜை எடுத்துப் பாருங்கள்.