வலி போனால் தூங்குவேன் என்கிறாயே

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ வந்துபோன மறுநாள் தலையணை உறையைத் துவைக்கப் போட உருவினேன். உள்ளேயிருந்து வலி மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. பத்தில் எட்டு காலி. நீ இங்கே தங்கியது இரண்டே ராத்திரி. எட்டும் இங்கே போட்டதில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்படி மாத்திரை போட்டே வயிற்றுப் புண்ணோடும் கெட்ட கிட்னியோடும் வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்தவள் நான்.

"எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல், உடம்பில் ஒன்றுமில்லையாம்" என்று சொன்னபோது உன் முகம் சுண்டிப்போனதைக் கவனித்தேன். எனக்கும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு வார்டில் மாதக்கணக்கில் நைட் டூட்டி பார்த்த காலம். கழுத்தும் தோளும் இடுப்பும் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். படத்தைப் பார்த்த டாக்டர், எல்லாம் மனசுதான் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். படத்தில் தெரியாத வலியும் வலிதான், கண்ணு. உன் வலியை நான் முழுசாக நம்புகிறேன்.

ஆனால் "வலி போனால் தூங்கிவிடுவேன் பெரியம்மா" என்றாயே, அதில் பாதிதான் சரி. தூக்கம் கெட்டாலும் வலி வரும். 1975இல் டொரண்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். வலியே இல்லாத ஆரோக்கியமானவர்களைத் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கும்போதெல்லாம் சத்தம் கொடுத்து அதைக் கலைத்தார்கள். மூன்று ராத்திரி இப்படிப் போனதும் அவர்களுக்கு உடம்பு நோவும், தொட்டாலே வலியும், அசதியும் வந்துவிட்டன. ஃபைப்ரோமயால்ஜியா என்கிற நாள்பட்ட வலி நோய் உள்ளவர்கள் சொல்வதும் இதையேதான். நார்வேயில் 12,000க்கு மேற்பட்ட பெண்களைப் பத்து வருஷம் போலத் தொடர்ந்து கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பத்திலேயே அடிக்கடி தூக்கம் கெட்டிருந்தவர்களுக்கு தூக்கம் கெடாதவர்களைவிட அந்த நோய் பிற்பாடு மூன்று மடங்குக்கு மேல் வந்திருந்தது. 2019இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மூளையையே படமெடுத்துப் பார்த்தார்கள். ஒரு ராத்திரி தூங்காதவர் காலில் சூடு வைத்தால் வலியை உணரும் பகுதி கூடுதலாகக் கிளர்கிறது. அதைத் தணிக்க உதவும் பகுதிகள் மந்தமாகிவிடுகின்றன. அதே சூடுதான், ஆனால் வலி அதிகம்.

நீ இங்கே தங்கியிருந்தபோது, விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். உன் போர்வைக்குள்ளிருந்து நீல வெளிச்சம் வந்தது. ஒரு கை கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது, இன்னொரு கை போனைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சிதான் என்னை எழுத வைத்தது.

உன் வேலை ஷிப்டை நீ மாற்ற முடியாது, தெரியும். எழும் நேரத்தையாவது கட்டிப் போடு. காலை பத்து மணி என்றால் ஞாயிற்றுக்கிழமையும் பத்துதான். மத்தியானம் இரண்டு வரை இழுக்காதே. படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் கண் மூடவில்லையென்றால் எழுந்து வெளியே வந்து உட்கார், கண் சொக்கும்போது திரும்பிப் போ. கட்டிலில் லேப்டாப் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். நடு ஷிப்டில் குடிக்கிற காபியின் கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் போலக் கழித்தும் உடம்பில் இருக்கும். அதை ஷிப்டின் தொடக்கத்துக்குக் கொண்டுபோ. ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடு. முதலில் அசதி கூடலாம், வலிகூடக் கொஞ்சம் ஏறலாம். அப்போது விட்டுவிடாதே. இதையே முறையாகச் சொல்லிக்கொடுக்கும் நடத்தைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி சொல்லிவிட்டது. டாக்டரிடம் அதைக் கேள். தூக்க மாத்திரையை மட்டும் நீயாகக் கடையில் வாங்காதே.

தூக்கம் கெட வேறு காரணமும் இருக்கலாம். குறட்டை விடுகிறாயா என்று அறைத் தோழியைக் கேட்டுப் பார். படுத்ததும் கால் ஊறி, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ, கால் மரத்துப்போனாலோ காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போ.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்ததும் வலி பத்துக்கு எத்தனை, இவ்வளவு எழுதினால் போதும். வார்டில் நாங்கள் சார்ட் போடுவது மாதிரி. தூங்கிய நாளையும் தூங்காத நாளையும் நீயே ஒப்பிட்டுப் பார்ப்பாய்.

தீபாவளிக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவா. மாடி அறைக்குக் கருநீலத் துணியில் திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படு. பத்து மணிக்கு நானே வந்து எழுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா